சமம் போட்டு நூறு

மனு எழுத வருகிறவர்கள், டோனர் நிரப்ப வரும் தம்பி, எதிர்க்கடை டீ மாஸ்டர் என்று என் கடைக்குள் கால் வைத்த ஒருவரையும் நான் விட்டுவைக்கவில்லை. எல்லோரிடமும் ஆட்டோஹாட்கீ புராணத்தைப் பாடி முடித்தாகிவிட்டது. ‘அக்காகிட்ட வாயைக் கொடுக்காதே’ என்று அவர்கள் நழுவ ஆரம்பித்த பிறகு, எழுதித் தீர்ப்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

தேனி கலெக்டர் ஆபீசுக்குப் போகும் வழியில் என் கடை. ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம், டைப்பிங். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் என்பதால் அன்றைக்கு மட்டும் விடிந்ததும் ஷட்டரைத் தூக்கிவிட வேண்டும். பட்டா பெயர் மாற்றம், வாரிசுச் சான்றிதழ், முதியோர் உதவித்தொகை, தெருவிளக்கு, பக்கத்து வீட்டுக்காரர் அடைத்த பாதை என்று வரிசை நிற்கும். கோரிக்கை ஆளுக்கு ஆள் வேறு. ஆனால் மனு ஒன்றுதான். அனுப்புநர், பெறுநர், ஐயா, பொருள், வணக்கம். ‘மேற்படி முகவரியில் குடும்பத்துடன் வசித்து வருகிறேன்’ என்று தொடங்கி, ‘ஆகவே தாங்கள் தயவுகூர்ந்து எனது மனுவைப் பரிசீலித்து ஆவன செய்யுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்று முடியும். நடுவில் வரும் நாலைந்து வரிதான் அந்த மனிதருடைய வாழ்க்கை. மீதியை நான் காலையிலிருந்து மதியம் வரை திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது அடிப்பதில்லை. சமக்குறி போட்டு ஓர் எண் தட்டுகிறேன். பெறுநர் முகவரி முழுதாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. முதல் தடவை அது நடந்தபோது நான் சத்தம் போட்டுச் சிரித்தேன். இன்றைக்கும் ஓய்வு நேரத்தில் வேண்டுமென்றே ஒன்றைத் தட்டிப் பார்த்து ரசிப்பதுண்டு, என்ன செய்ய!

ஆட்டோஹாட்கீ விண்டோஸில் ஓடும் இலவச மென்பொருள். 2003-இல் கிறிஸ் மாலெட் தொடங்கியது. இப்போது நான் வைத்திருக்கும் இரண்டாம் பதிப்பு 2022 டிசம்பரில் வெளியானது. நிறுவியதும் பட்டன், மெனு, வண்ணப் பெட்டி எதையும் அது காட்டாது. அதைப் பார்த்துப் பலர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். நாம் நோட்பேடில் ஒரு கோப்பைத் திறந்து, அதில் நமக்கு வேண்டியதை எழுதி, அதற்குரிய பின்னொட்டோடு சேமித்து, அந்தக் கோப்பை இரட்டைக் கிளிக் செய்ய வேண்டும். கீழே கடிகாரத்துக்குப் பக்கத்தில் பச்சை நிறத்தில் ‘எச்’ எழுத்து ஒன்று வந்து நிற்கும். அவ்வளவுதான், வேலை தொடங்கிவிட்டது. என் கோப்பில் நான் முதலில் எழுதிய வரி இது:

:*:=100::காவல் ஆய்வாளர் அவர்கள்

ஒரு ஆங்கில எழுத்துகூட இல்லாத நிரல் வரி! இடது பக்கம் இரண்டு முக்காற்புள்ளிகளுக்கு நடுவே இருக்கும் நட்சத்திரம், ‘முடிந்ததும் ஸ்பேஸ் தட்டும் வரை காத்திருக்காதே, உடனே மாற்று’ என்கிற உத்தரவு. அடுத்து வருவது நான் தட்டப் போவது. இரட்டை முக்காற்புள்ளிக்குப் பிறகு இருப்பது திரையில் விழ வேண்டியது. தட்டியதை அதுவே அழித்துவிட்டு வேண்டியதை எழுதிவிடும். பல வரி வேண்டுமானால் முதல் வரியை இரட்டை முக்காற்புள்ளியோடு நிறுத்திவிட்டு, அடுத்த வரியில் தனியாக ஒரு திறப்பு அடைப்புக்குறி, பிறகு முகவரி முழுவதும் வரி வரியாக, கடைசி வரியில் தனியாக ஒரு மூடும் அடைப்புக்குறி. இதைக் கற்றுக்கொள்ள கம்ப்யூட்டர் படிப்பு எதுவும் வேண்டாம்.

வேர்டிலேயே ஆட்டோகரெக்ட் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது, நானும் அதில்தான் காலம் தள்ளினேன். அது வேர்ட், எக்செல் மாதிரி ஆபீஸ் மென்பொருள்களுக்குள் மட்டும் வேலை செய்யும். இது வேர்ட், எக்செல், ஆன்லைன் படிவம், வாட்ஸ்அப் என்று கர்சர் துடிக்கிற எந்த இடத்திலும் வேலை செய்யும்.

குறுக்குச் சொல்லை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் முக்கால்வாசி சூட்சுமம். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் சொல்லிக்கொடுப்பது, முன்னால் ஓர் அரைப்புள்ளியைப் போட்டு ஒரு சுருக்கச் சொல்லை வையுங்கள் என்று. அரைப்புள்ளிக்கு அடுத்தபடியாக எழுத்து தானாக வராது என்பதால் தவறுதலாக மாறிவிடாது. அவர்களுக்குச் சரி. நான் தமிழ் 99-இல் அடிக்கிறவள். தமிழ்நாடு அரசு 1999-இல் ஏற்ற அந்த விசைப்பலகையில் அரைப்புள்ளி இருக்கும் இடத்தில் ‘ந’ உட்கார்ந்திருக்கிறது. சாய்கோட்டைத் தட்டினால் ‘ழ’. மேற்கோள் குறி விசையில் ‘ய’, சதுர அடைப்புக்குறிகளில் ‘ச’வும் ‘ஞ’வும். அவர்கள் ஓய்வாகக் கிடக்கும் விசைகள் என்று நினைக்கிற அத்தனையும் நமக்கு ஓவர்டைம் பார்க்கின்றன.

சரி, எழுத்துகளையே வைப்போம் என்றால் அதிலும் வில்லங்கம். தமிழ் விசைப்பலகை ஓடும்போது நான் தட்டுகிற விசைகளின் எண்ணிக்கையும் திரையில் விழுகிற குறிகளின் எண்ணிக்கையும் ஒத்துப்போகாது. ஆட்டோஹாட்கீ தன் கணக்குப்படி அழிக்கும். ஒன்று மிச்சம் கிடக்கும், இல்லையென்றால் முந்தைய சொல்லின் வாலையும் கடித்துவிடும். ஒவ்வொரு தடவையும் ஆங்கிலத்துக்கு மாறி, சுருக்கத்தைத் தட்டி, திரும்பத் தமிழுக்கு வருவதற்கு முழுதாக அடித்துவிட்டே போகலாம்.

தமிழ் 99 தொடாமல் விட்டிருப்பவை எண் வரிசையும் சமக்குறியும். அதனால் என் சுருக்கங்கள் எல்லாமே எண்கள். எண்ணை எப்படி நினைவில் வைப்பது? அங்கேதான் எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். நமக்கு ஏற்கெனவே எத்தனை எண்கள் மனப்பாடம்! போலீசுக்கு 100. தீயணைப்புக்கு 101. அரசு மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கு 108. மின்வாரியத்துக்கு 1912, புகார் எண்தான். குழந்தைகள் பாதுகாப்பு அலுவலருக்கு 1098. பெண்கள் உதவி எண் 181 என்பதால் மாவட்ட சமூகநல அலுவலர் முகவரி அதற்கு. சட்டங்களுக்கு ஆண்டு. 2005 தட்டினால் ‘தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, பிரிவு 6(1)-இன் கீழ்’ என்று தொடங்கி பொதுத் தகவல் அலுவலர், பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை, முப்பது நாளைக்குள் பதில் என்பது வரை முழு விண்ணப்பமும் இறங்கும். 2007 தட்டினால் ‘பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007’. அந்தப் பெயரை ஒரு தடவை கையால் அடித்துப் பாருங்கள், அப்புறம் தெரியும் என் ஆனந்தம். கடையில் புதிதாகச் சேர்ந்த தங்கச்சிக்கு இந்தப் பட்டியலைச் சுவரில் ஒட்டிக் கொடுத்தேன். அவள் அதை நிமிர்ந்து பார்ப்பதே இல்லை.

எண்களில் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று. நட்சத்திரம் போட்டால் ஸ்பேஸுக்குக் காத்திருக்காது என்றேன் அல்லவா? பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் தொலைந்த மனுவுக்கு =10 என்று வைத்தால் தீர்ந்தது கதை. 100, 101, 108, 1098 எல்லாமே பத்தில்தான் ஆரம்பம். நீங்கள் போலீசைக் கூப்பிட ஒன்றும் பூஜ்யமும் தட்டிய மறு நொடியே சான்றிதழ் மனு வந்து குதிக்கும், மூன்றாவது இலக்கம் அதன் வாலில் அநாதையாகத் தொங்கும். ‘சில சுருக்கம் வேலை செய்கிறது, சிலது செய்யவில்லை’ என்று யாராவது சொன்னால் நான் முதலில் தேடுவது இந்தக் குட்டையான எண்ணைத்தான். அதற்கு மட்டும் நட்சத்திரத்தை எடுத்துவிட்டால் போதும், ஸ்பேஸ் தட்டினால்தான் மாறும். நான் =010 என்று வைத்திருக்கிறேன்.

அடுத்த இன்பம் கர்சரை நடத்துவது. 2007 சட்டத்தில் எந்தப் பிரிவு என்பது ஆளுக்கு ஆள் மாறும். ‘பிரிவு’ என்று எழுதி, இடம் விட்டு, ‘-இன் கீழ்’ என்று முடித்துவிட்டு, கர்சர் தானாகப் பின்னால் போய் அந்த இடத்தில் நிற்க வேண்டும். அதற்கு இடது அம்பை இத்தனை தடவை தட்டு என்று உத்தரவின் கடைசியில் சேர்க்கலாம். எத்தனை தடவை? இணைப்புக்கோடு, இ, ன், இடைவெளி, கீ, ழ். ஆறு. அதே துண்டைப் பேக்ஸ்பேஸால் அழித்துப் பாருங்கள், ஒன்பது தட்டு ஆகும். ‘ன்’ என்பதில் முதலில் புள்ளி போகும், பிறகுதான் ‘ன’ போகும். ‘கீ’யில் முதலில் ஈகாரக் குறி போகும். இடது அம்புக்குத் தமிழாசிரியர் பாடம் எடுத்திருக்கிறார், உயிர்மெய்யை ஓர் எழுத்தாகத்தான் எண்ணுகிறது. பேக்ஸ்பேஸுக்குத் தெரிந்ததெல்லாம் யூனிகோட். இது தெரியாமல் கணக்குப் போட்டால் கர்சர் ‘பிரிவு’ என்ற சொல்லுக்குள் போய் நிற்கும். தெரிந்துவிட்டால், எழுத்தெண்ணி நிறுத்துவதில் ஒரு வெண்பா தேறிய திருப்தி.

இதற்கும் மேலே ஒரு படி இருக்கிறது, கேள்வி கேட்கும் பெட்டி. =1 தட்டினால் (இதற்கு நட்சத்திரம் கிடையாது, ஏன் என்று இப்போது உங்களுக்கே தெரியும்) ஒரு சின்னப் பெட்டி திறந்து ‘மனுதாரர் பெயர்?’ என்று கேட்கும். அடுத்து தந்தை அல்லது கணவர் பெயர், கதவு எண், தெரு, ஊர். பதில் சொல்லி முடித்ததும் அனுப்புநர் பகுதி, மனுவின் முதல் வரி, கையெழுத்துக்கு மேலே வரும் பெயர், இடம், இன்றைய தேதி எல்லாம் அதுவே நிரப்பிக்கொள்ளும். தேதியைப் புள்ளி வைத்துப் போடுவதா, சாய்கோடு வைத்துப் போடுவதா என்பதுகூட நம் இஷ்டம். ஒரே மனுவில் மேலே ‘முத்துலட்சுமி’ என்றும் கீழே ‘முத்துலெட்சுமி’ என்றும் இருந்தால் எந்தச் சான்றிதழும் எங்கேயாவது முட்டிக்கொண்டு நிற்கும். அந்தப் பயம் ஒழிந்தது.

இனி மக்கர்கள். மக்கர் பண்ணாத கருவியை நான் பார்த்ததில்லை, ஆனால் இதன் மக்கர் ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. அதுதான் எனக்குப் பிடித்த குணமே.

பக்கத்துத் தெருக் கடைத் தம்பிக்கு என் கோப்பைப் பென் டிரைவில் கொடுத்தேன். மாலையில் ஓடிவந்தார். “அக்கா, தமிழே வரலை. என்னமோ பிரெஞ்சு மாதிரி கொட்டுது.” போய்ப் பார்த்தால், தலையில் சாய்கோடு போட்ட ரோமன் ‘ஏ’, அதற்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் அடைபட்ட ‘ஆர்’, அதற்குப் பக்கத்தில் இன்னொரு குறி, திரும்ப அதே ‘ஏ’. வரி முழுக்க இதே அணிவகுப்பு. அந்த ‘ஏ’வைப் பார்த்ததும் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டாகச் சேமிக்கப்படுகிறது, எல்லாவற்றுக்கும் முதல் பைட் ஒன்றே. அதை யாரோ பழைய ஐரோப்பிய எழுத்து முறையில் வாசித்தால் இப்படித்தான் மூன்று மூன்றாக உடைந்து தெரியும். தம்பி நிறுவியிருந்தது ஆட்டோஹாட்கீயின் பழைய முதல் பதிப்பு. கோப்பின் தலையில் ‘நான் யுடிஎஃப்-8’ என்று அறிவிக்கும் பிஓஎம் அடையாளம் இருந்தால்தான் அது நம்பும். விண்டோஸ் 10-இன் 2019 மே மாதப் பதிப்பிலிருந்து நோட்பேட் அந்த அடையாளத்தைப் போடாமலேயே சேமிக்கிறது. இரண்டும் தனித்தனியாக நல்லவர்கள், சேர்ந்தால் சண்டை. ‘சேவ் ஆஸ்’ போய், என்கோடிங் என்ற இடத்தில் பிஓஎம் உள்ள யுடிஎஃப்-8-ஐத் தேர்ந்தெடுத்துச் சேமித்ததும் தமிழ் திரும்பி வந்தது. இரண்டாம் பதிப்புக்கு இந்தச் சம்பிரதாயமே தேவையில்லை, யுடிஎஃப்-8 என்றே எடுத்துக்கொள்கிறது. பல சுருக்கங்கள் எழுதும் முன்பே புதிய பதிப்புக்குப் போய்விடுங்கள். இரண்டுக்கும் நிரல் மொழி கொஞ்சம் வேறு, பிறகு மாற்றி எழுதும் வேலை வரும்.

கோப்பைத் திருத்திச் சேமித்தால் மட்டும் போதாது. பச்சை ‘எச்’ மேல் வலது கிளிக் செய்து ரீலோட் கொடுக்க வேண்டும். ‘எழுதினேன், வரவில்லை’ என்ற புகார்களில் பெரும்பாலானவை இதோடு முடிந்துவிடும். நிர்வாகி அனுமதியில் ஓடும் மென்பொருளுக்குள் மட்டும் வேலை செய்யவில்லையா? ஆட்டோஹாட்கீயையும் நிர்வாகியாக ஓடவிட வேண்டும், கீழ்ப் படியில் இருப்பவன் மேல் படியில் இருப்பவனுக்குத் தட்டச்சு செய்ய விண்டோஸ் அனுமதிக்காது. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் காணாமல் போகிறதா? ஸ்டார்ட்அப் ஃபோல்டரில் ஒரு ஷார்ட்கட்டைப் போட்டு வையுங்கள். சுருக்கத்தின் நடுவே மவுஸைக் கிளிக் செய்தால் அதுவரை தட்டியதை அது மறந்துவிடும். மறக்கத்தான் வேண்டும், வேறு இடத்துக்குப் போய்விட்டோமே.

வாட்ஸ்அப்பில் வேறு கூத்து. பல வரி முகவரியைக் கொட்டினால் ஒவ்வொரு வரி முடிவிலும் என்டர் விழும். அங்கே என்டர் என்றால் அனுப்பு என்று அர்த்தம். வாடிக்கையாளருக்கு ‘பெறுநர்’ ஒரு செய்தி, ‘மாவட்ட ஆட்சியர் அவர்கள்’ ஒரு செய்தி என்று வரிசையாகப் போய் விழும். வாட்ஸ்அப் சன்னல் திறந்திருக்கும்போது மட்டும் ஷிஃப்டோடு சேர்த்து என்டர் தட்டு என்று தனியாக ஒரு பிரிவு எழுதலாம். எந்த மென்பொருளுக்குள் எது ஓட வேண்டும் என்று பிரித்துச் சொல்லும் வசதி இதில் இருப்பது பெரிய வரம்.

நெரிசல் நேரத்தில் சில இணையதளங்கள் மூச்சு வாங்கும். அப்போது வேகமாக வந்து விழும் எழுத்துகளில் ஒன்றிரண்டை விழுங்கிவிடும். ‘வட்டாட்சியர்’ ‘வடாசியர்’ ஆகிவிடும். நீளமான பத்திகளை எழுத்தெழுத்தாக அனுப்பாமல் கிளிப்போர்டில் ஏற்றி ஒரே ஒட்டாக ஒட்டச் சொல்லிவிட்டால் பிரச்சினை தீரும். ஒட்டிய பிறகு பழைய கிளிப்போர்டைத் திரும்ப வைக்கும் முன் அரை நொடி பொறுக்கச் சொல்லுங்கள். பொறுக்காவிட்டால் மனுவுக்குப் பதிலாக அதற்கு முன்னால் நீங்கள் காப்பி எடுத்த ஏதோ ஒன்று ஒட்டிக்கொள்ளும்.

வேர்டில் எழுத்துரு மட்டும் வேறாக விழுகிறதென்றால் ஆட்டோஹாட்கீயைத் திட்டாதீர்கள். வேர்ட் தமிழை ‘காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்’ என்று தனி வரிசையில் வைத்திருக்கிறது, அதற்கு எழுத்துருவும் அளவும் தனி. ஃபான்ட் பெட்டியைத் திறந்து அங்கே மாற்றினால்தான் மாறும். பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடித்த கோப்புக்குள் யூனிகோட் தமிழைக் கொட்டினாலும் இரண்டும் ஒட்டாது. அந்தக் கோப்பை முதலில் யூனிகோடாக மாற்றிக்கொள்வதே மேல்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கறார். கோப்பு வெறும் நோட்பேட் கோப்பு, யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். அதனால் கடவுச்சொல், ஆதார் எண், வங்கிக் கணக்கு எதையும் அதில் வைப்பதில்லை, வாடிக்கையாளருடையதை நினைத்தே பார்ப்பதில்லை. விசைகளைக் கவனிக்கிற மென்பொருள் என்பதால் சில ஆன்டிவைரஸ்கள் முறைக்கும். அதிகாரபூர்வ தளத்திலிருந்து மட்டும் இறக்கிக்கொண்டால் அந்த முறைப்புக்குப் பயப்பட வேண்டாம்.

நேரம் மிச்சம்தான், ஆனால் நான் குதிப்பது அதற்காக இல்லை. என் காது காலியாகிவிட்டது. முன்பெல்லாம் எதிரில் உட்கார்ந்தவர் பேசும்போது நான் பெறுநர் முகவரியில் இருப்பேன், ‘ஊம், சொல்லுங்க’ என்று வாய் சொல்லும், பாதி காதில் விழாது. இப்போது அவர் நாற்காலியை இழுத்துப் போடுவதற்குள் மேலும் கீழும் தயாராக நிற்கிறது, நடுவில் கர்சர் துடிக்கிறது. ஒரு திங்கட்கிழமை போடி பக்கமிருந்து ஒரு பாட்டி. “மூத்தவன் பாத்துக்கிறேன்னு சொல்லித்தான் வீட்டை எழுதி வாங்குனான் தாயி. இப்ப திண்ணையில கூட படுக்க விட மாட்டேங்கிறான்.” ‘பாத்துக்கிறேன்னு சொல்லித்தான்’ என்ற சொல்லில் நான் நிமிர்ந்தேன். “பாட்டி, அந்தப் பத்திரத்துல கடைசி வரைக்கும் உங்களைப் பராமரிக்கணும்னு எழுதியிருக்கா?” மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார், இருந்தது. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்து, அந்த நிபந்தனை மீறப்பட்டால், எழுதிக்கொடுத்தது செல்லாது என்று அறிவிக்கக் கேட்கலாம். 2007 சட்டத்தில் 23-ஆம் பிரிவு. சமம் போட்டு 2007, கர்சர் நின்ற இடத்தில் 23. கோட்டாட்சியர் முகவரி ஏற்கெனவே மேலே இருந்தது. மீதி நேரம் முழுவதும் பாட்டி பேசினார், நான் அவர் சொன்னபடியே அடித்தேன்.

இப்போது ஒரு புது வேலையில் இறங்கியிருக்கிறேன். அதிகாரிகள் மாறிக்கொண்டே இருப்பார்கள், ஆணா பெண்ணா என்பதும் மாறும். ‘ஐயா’ என்று எழுதிய மனுவை அம்மையாரிடம் நீட்டச் சொல்லி ஆளை அனுப்ப முடியாது. கோப்பின் உச்சியில் ஒரு பட்டியல் போட்டிருக்கிறேன். ஆட்சியர், கோட்டாட்சியர், வட்டாட்சியர், ஆய்வாளர், ஒவ்வொருவருக்கும் எதிரே ஐயாவா அம்மாவா. முகவரி வரும்போது விளியும் அதைப் பார்த்துத் தானாக மாறிக்கொள்ளும். மாறுதல் உத்தரவு பேப்பரில் வந்த அன்றைக்கு ஒரு சொல்லைத் திருத்தி ரீலோட் கொடுத்தால் போதும். அதனால் காலையில் கடைக்குப் பேப்பர் வந்ததும் தங்கச்சி ராசிபலனுக்கு முன்னால் அதிகாரிகள் மாற்றம் செய்தியைத்தான் தேடுகிறாள்.